கொள்ளேகால் தொட்டி

மைசூரில் அந்த பங்களாவுக்குச் சர்க்கார் வைத்த பெயர் நீளமானது. வாசல் பலகையில் எழுதியிருந்தது; முழுதாக வாசித்தவர் யாருமில்லை. மண்டி மொஹல்லாவில் மூட்டை சுமக்கிறவர்கள் அதைத் 'தண்ணி சோசியம்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அங்கேயே வேலை பார்த்தாலும் சித்தையனுக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

அவனும் முன்னே மூட்டை சுமந்தவன்தான். ராகி மூட்டை அவன் இடுப்பை வாங்கிக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாமல் போன பிறகு, யாரோ கைகாட்டிவிட, இந்த பங்களாவில் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்தான். குடத்தைத் தூக்குகிற அளவுக்கு இடுப்பு இன்னும் மிச்சமிருந்தது.

உள்ளே பெரிய கூடத்தில் தேக்குச் சட்டம் நின்றது. சட்டத்தில் கண்ணாடித் தொட்டிகள். தாலுகாவுக்கு ஒரு தொட்டி. தொட்டிக்குத் தொட்டி ரப்பர் குழாய், பித்தளைத் திருகு. தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று. சீமையில் படித்துவிட்டு வந்த எட்வர்ட் ஐயா தன் கையால் செய்த யந்திரம் அது. மழை இவ்வளவு, விளைச்சல் இவ்வளவு, மில் கூலி இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் திருகுகளை வைப்பார். பிறகு ஓடவிடுவார். தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, சில தொட்டி ஏறும், சில தொட்டி இறங்கும். ஒரு மணி நேர ஓட்டம் வரப்போகிற ஒரு வருஷம்.

"பணங்கிறது தண்ணி மாதிரிதான் சித்தையா. ஒரு ஊர்ல தங்காது, ஓடிட்டே இருக்கும். அது எங்க போய் நிக்கும்னு இவன் முன்கூட்டியே சொல்லுவான்" என்று சட்டத்தைத் தட்டிக் காட்டுவார் எட்வர்ட் ஐயா, மாட்டைத் தட்டுகிற மாதிரி.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொரு தொட்டியிலும் கீழ்ப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்குகிற தாலுகாவுக்குத்தான் அடுத்த வருஷம் ரோட்டு வேலை திறக்கும், மலிவு தானியம் போகும். இதைப் பெங்களூர் அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றுகிறவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சித்தையன் எழுத்துப் படித்ததே தலை நரைத்த பிறகுதான். ஆபீசில் டைப் அடிக்கிற விக்டோரியா, மத்தியானச் சோற்று வேளையில், தொட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்களைக் காட்டிக் கன்னட எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மண்டியா, நஞ்சன்கூடு, ஹுன்சூர் என்று எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பான். போன வருஷம் கொள்ளேகால் மதராஸை விட்டு மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, கடைசியில் ஒரு புதுத் தொட்டி வந்தது. அதில் ஒட்டிய பெயரை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே படித்தான். படித்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னண்ணே, அழறீங்களா?" என்றாள் விக்டோரியா.

"இல்ல அம்மணி. சாயம் கண்ணுல பட்டுருச்சு."

அவனுடைய ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால், ஹனூர் போகிற வழியில், மலையடிவாரம். தங்கச்சி தேவம்மா அங்கேதான் இருந்தாள், புருஷனோடும் இரண்டு குழந்தைகளோடும். அந்த வருஷம் ஆடியும் பொய்த்தது, ஐப்பசியும் பொய்த்தது. சித்தையன் கொள்ளேகாலுக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தான். ஊர் வரைக்கும் வராதே, வந்தால் சோறு போட முடியாது என்று அவளே சொல்லியனுப்பியிருந்தாள்.

"ண்ணா, குடகுத் தோட்டத்துக்கு ஆள் புடிக்கற மேஸ்திரி வந்து நிக்கறானுங்க. பேரக் குடுத்துட்டா நம்ம காலு நம்முளுது இல்ல. உங்க மச்சானுக்கு இருக்கற இருமலுக்கு அந்தக் குளிருல ஒரு மழக்காலங்கூடத் தாங்க மாட்டாரு" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சர்க்காரு ரோட்டு வேல தொறந்தாப் போதும், நா மண்ணுச் சொமந்து எல்லாத்தையும் காப்பாத்திப்போடுவேன். தொறப்பாங்களான்னு உங்காபீசுல கேட்டுச் சொல்லு. அங்கதானே எல்லாம் முன்கூட்டியே தெரியுமாமே?"

"கேட்டுச் சொல்றேன் புள்ள. அதுவரைக்கும் மேஸ்திரிகிட்டப் பேரக் குடுக்காதே."

"நீ சொல்றவரைக்கும் குடுக்க மாட்டேன்."

அதுதான் அவள் அவனுக்குக் கொடுத்த வாக்கு. திரும்பி வருகிற பஸ்ஸில் அது அவன் மடியில் கனத்தது.

புதுத் தொட்டி வந்ததிலிருந்து அவனுக்கு இன்னொரு உபத்திரவமும் இருந்தது. எந்தத் தொட்டியும் அடிவரைக்கும் வற்றினால், குழாய் காற்றை இழுக்கும். சரக், சரக் என்று ஒரு சத்தம் வரும். மற்றத் தொட்டியில் வந்தால் அது குழாய்ச் சத்தம். கொள்ளேகால் தொட்டியில் வந்தால் மட்டும் அவனுக்கு வேறு.

அவன் சிறுவனாக இருந்தபோது ஒரு வறட்சி. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள், மணலில் ஊற்றுத் தோண்ட. பொழுது சாய்ந்தும் வரவில்லை. இவன் தேடிக்கொண்டு போனான். தூரத்தில் கொட்டாங்கச்சியால் மணலைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. சரக், சரக். அம்மா இருக்கிறாள் என்று நிம்மதியாக நடந்தான். கிட்டப் போனபோது அம்மா குந்திய வாக்கிலேயே செத்திருந்தாள். கை குழிக்குள் இருந்தது. உடம்பு விறைத்து வெகு நேரமாகியிருந்தது. குடம் கவிழ்ந்து கிடந்தது. அப்படியானால் சத்தம் யாருடையது? இத்தனை வயசுக்கும் அவன் அதை ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

அவர்கள் வீட்டில் குடத்தைக் காலியாக வைக்கிற வழக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பாத்திரமும் வெறுமையாக இருக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாலும் ஒரு குடம் நிறைத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வருவோம் என்று வீட்டுக்குச் சொல்லுகிற வார்த்தை அது. அம்மா அன்றைக்கு ஓடைக்குப் போகும்போது நிறைத்து வைக்க வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கார்த்திகையில் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி பசவராஜ் யந்திரத்தைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. வருகிற வருஷத்துக்கு எந்தெந்தத் தாலுகாவுக்கு என்ன கொடுப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். முந்தின நாள் எட்வர்ட் ஐயா தானே நின்று, ஒவ்வொரு தொட்டியிலும் எந்த மட்டம் வரைக்கும் ஊற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஊற்றவைத்தார். கொள்ளேகாலில் கறுப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்ததுமே, "போதும், நிறுத்து" என்றார்.

"இவ்வளவுதானுங்களா ஐயா?"

"மழையே இல்லாத ஊருக்கு இது போதும் மாராயா. நாளைக்கு அவனே இறங்கிக் காட்டுவான்."

ஐயா போய்விட்டார். விக்டோரியாவும் மாதா கோயில் ஜெபத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெளியே தெருவிளக்கு போட்டார்கள். சன்னல் வழியாக வந்த வெளிச்சம் தொட்டிகளின் மேல் விழுந்தது. எல்லாம் ததும்ப நின்றன. கடைசித் தொட்டி மட்டும் அடியில் ஒரு சிவப்புக் கறையோடு வெறித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற வேளையில், அவனுடைய ஊர்ப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு.

சித்தையன் போய்விடத்தான் பார்த்தான். கதவு வரைக்கும் போனான். சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. யந்திரம் ஓடவில்லை. திருகுகள் மூடியிருந்தன. அவன் திரும்பி வந்தான். தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குடத்தை எடுத்துவந்து மெதுவாக ஊற்றினான். சாயம் கலக்க அவனுக்குத் தெரியாது, வெறும் தண்ணீர்தான். சிவப்பு வெளுத்து, மட்டம் ஏறி, விளிம்புக்குக் கிட்ட வந்து நின்றது. மனசு குளிர்ந்தது. தேவம்மாவின் அடுப்பங்கரையையே நிறைத்துவிட்டது போல இருந்தது. கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அன்று நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் பசவராஜ் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். கூட நாலைந்து பேர். எட்வர்ட் ஐயா திருகுகளைத் திறந்தார். தண்ணீர் ஓடியது. ஹுன்சூர் இறங்கியது, இன்னும் ஏதோ ஒன்று இறங்கியது. கொள்ளேகால் இறங்கி இறங்கி, கோட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. எட்வர்ட் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் சுருங்கியது.

"இது எப்படி?" என்று கன்னடத்தில் கேட்டார் பசவராஜ்.

எட்வர்ட் ஐயா நிமிர்ந்தார். "பட்டு!" என்றார். "கொள்ளேகால் தறிகளில் ஓடுகிற பட்டுப் பணம் சுற்று வட்டார கிராமத்துக்கெல்லாம் கசிகிறது. நாம் மழையை மட்டும் பார்க்கிறோம், யந்திரம் அதையும் பார்க்கிறது."

பசவராஜுக்கு மகிழ்ச்சி. ஒரு தாலுகாவின் செலவு மிச்சமானதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை? எட்வர்ட் ஐயாவின் முதுகில் தட்டினார். எல்லோரும் காபி குடித்தார்கள். மூலையில் குடத்தோடு நின்ற சித்தையனும் சிரித்தான். நம்ம ஊர்த் தொட்டி வற்றவில்லை; தேவம்மா கேட்கச் சொன்னதற்கு அதுவே பதில் என்று நினைத்தான்.

சாயங்காலமே தேவராஜ மொஹல்லா பக்கம் போய், கொள்ளேகால் பஸ் கண்டக்டர் சென்னப்பனைப் பிடித்தான்.

"எந்தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. தொட்டி நெறஞ்சு நின்னுதுன்னு சொல்லுங்க. மேஸ்திரிகிட்டப் பேரக் குடுக்க வேண்டாம், நல்ல காலம் வருதுன்னு."

"தொட்டியா? என்ன தொட்டிப்பா, குளிக்கறதுக்கா?"

"நீங்க சொல்லுங்க, அவளுக்குத் தெரியும்."

சென்னப்பன் சொல்லிவிட்டான். நல்லவன், வார்த்தை பிசகாமல் சொன்னான்.

மார்கழியில் ஒரு மத்தியானம். விக்டோரியா டைப் அடித்துக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "உங்க ஊர்க்காரங்க பெரிய ஆளுங்கதான் அண்ணே. ஹுன்சூருக்கு ரோட்டு வேல, அரிசிக் கட எல்லாம் போகுது. உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமாம். பட்டு மகராஜாக்கள்!"

"ஏன் அம்மணி? எங்க தொட்டிதான் நெறஞ்சு நின்னுதே."

"அதனாலதான். நெறஞ்சு நின்னா எதுக்குக் குடுப்பாங்க? அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கீழ போன ஊருக்குத்தான் குடுப்பாங்க. இத்தன நாள் இங்க இருக்கீங்க, இது தெரியாதா?"

சித்தையன் குடத்தைக் கீழே வைத்தான். வைத்த இடம் தெரியவில்லை. அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

அதற்குப் பிறகு அவனால் கடைசித் தொட்டியைத் துடைக்க முடியவில்லை. துணியைக் கொண்டுபோனால் கண்ணாடிக்குள் யாரோ குந்தியிருந்தார்கள். தன் நிழல்தான் என்று சொல்லிக்கொண்டான். அவன் நின்றுகொண்டிருந்தான்; நிழல் குந்தியிருந்தது. அதன் ஒரு கை தொட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், விக்டோரியாவின் டைப் சத்தத்துக்கு நடுவே, சரக் சரக் என்று கேட்டது. "கேக்குதா அம்மணி?" என்றான். "என்னது?" என்றாள் அவள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனான், தங்கச்சிக்கு வேறு வார்த்தை சொல்லியனுப்ப. சென்னப்பன் வேறு லைனுக்கு மாறிப்போயிருந்தான். புதுக் கண்டக்டர் காது கொடுக்கவில்லை. சொல்லியனுப்பத்தான் என்ன இருந்தது? நான்தான் உன் சோற்றில் தண்ணீர் ஊற்றினேன் என்றா?

ஒருநாள் காலையில் எட்வர்ட் ஐயா தனியாக இருக்கும்போது போய் நின்றான். சொன்னான். வெள்ளிக்கிழமை, விளக்கு, குடம் எல்லாம் சொன்னான். வேலை போகும், போகட்டும். ஐயா கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணி வெளுத்திருந்துச்சு" என்றார். "நான் பார்த்தேன் சித்தையா. வெளிச்சம்தான் அப்படிக் காட்டுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"இப்பவாச்சும் எழுதிப்போடுங்க ஐயா. எந்தங்கச்சி அங்க உக்காந்திருக்கறா."

"என்னன்னு எழுத? சர்க்கார் யந்திரத்துல ஒருத்தன் சாமி கும்பிட்டுத் தண்ணி ஊத்திட்டான்னா? இதை எடைக்குப் போட்டுடுவாங்க. எத்தன வருஷம்..." முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தை மாசம் பசவராஜ் மறுபடி வர்றார். டெல்லிக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றார், இதே ஓட்டத்தைக் காட்டணுமாம். அன்னிக்கு வந்த மாதிரியே வரணும். ரெண்டு தடவை ரெண்டு விதமா வந்தா நம்ம கதை முடிஞ்சுது." அவனைப் பார்க்காமல் சொன்னார்: "நீ அன்னிக்கு ஊத்தின மாதிரியே ஊத்திடு. சாயம் நான் கலந்து தர்றேன். அடுத்த வருஷம் கொள்ளேகாலுக்கு நானே ரெண்டு பங்கு வாங்கித் தர்றேன், சத்தியமா."

"அடுத்த வருஷங்களா ஐயா?"



தை பிறந்து அந்த நாளும் வந்தது. எட்வர்ட் ஐயா சாயத் தண்ணீரைக் குடத்தில் கலந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார், கார் வருகிறதா என்று பார்க்க. சித்தையன் குடத்தைத் தூக்கினான். தொட்டிக்கு முன்னால் நின்றான். இதுவரை வெறும் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தவனில்லை. கை தானாகவே குடத்தைச் சாய்க்கப் போயிற்று. கண்ணாடிக்குள் குந்தியிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். நெற்றியில் குங்குமம் இருந்த இடம் வியர்த்திருந்தது. ஊற்றாதே என்றும் சொல்லவில்லை, ஊற்று என்றும் சொல்லவில்லை. தாகத்தோடு பார்த்தாள்.

குடத்தை அப்படியே கொல்லைக்குக் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டினான்.

அதிகாரிகள் வந்தார்கள். திருகுகள் திறந்தன. கொள்ளேகால் தொட்டி இறங்கியது. கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டியது. கடைசிச் சொட்டும் குழாய்க்குள் போனதும் கூடம் முழுக்கக் கேட்டது. சரக், சரக், சரக். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. டெல்லிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

பசவராஜ் எட்வர்ட் ஐயாவைப் பார்த்தார். எட்வர்ட் ஐயா சித்தையனைப் பார்த்தார். சித்தையன் தலையைக் குனியவில்லை. காலிக் குடம் அவன் கையில் வாய் திறந்திருந்தது. ஐயாவின் கண் அந்தக் குடத்தின் மேல் நின்றது.

"இதுதான் சரி" என்றார் அவர் கடைசியில், கன்னடத்தில், உலர்ந்த குரலில். "போன தடவை வந்தது தப்பு. தப்பு என்னுடையது."

சித்தையனின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

அடுத்த வாரமே யந்திரத்தின் மேல் கோணிப்படுதாவைப் போர்த்திவிட்டார்கள். எட்வர்ட் ஐயாவை வேறெங்கோ மாற்றினார்கள். ஆனால் கொள்ளேகாலுக்கு உத்தரவு போயிற்று. மாசியில் ஹனூர் வழியில் ரோட்டு வேலை திறந்தது. விக்டோரியாதான் ஓடிவந்து சொன்னாள். சித்தையன் கிடைத்த பஸ்ஸில் ஏறினான்.

ஊருக்குப் போகிற பாதை நெடுக ஜனங்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக மண் சுமந்தார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். கூடைக்கடியில் எல்லா முகமும் தேவம்மா மாதிரி இருந்தது. ஒருத்தியும் தேவம்மா இல்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மல்லம்மா சாவியைக் கொண்டுவந்தாள்.

"தைப் பொங்க நோம்பி முடிஞ்சதும் போயிட்டாங்க. குடகுக்கு. மேஸ்திரி அதுக்கு முன்ன ரெண்டு வாட்டி வந்தானுங்க, அவ பேரே குடுக்கல. 'எங்கண்ணன் அந்த ஆபீசுல இருக்கறான், அவனுக்குத் தெரியாதா'ன்னு உங்க வார்த்தையவே சொல்லிட்டு உக்காந்திருந்தா. வெத ராகிய வறுத்துத் தின்னாங்க. அதுவும் தீந்துச்சு."

"மச்சான்?"

மல்லம்மா சாவியை அவன் கையில் வைத்தாள். "தூக்கித்தாங்க லாரில ஏத்துனாங்க. கண்ணு மட்டும் தெறந்திருந்துச்சு. எந்தத் தோட்டம்னு யாருக்குங்க தெரியும்? அவளுக்கே தெரியாது."

கதவைத் திறந்தான். பாத்திரம் பண்டம் ஒன்றுமில்லை. அடுப்பு மேடையில் ஒரு மண்குடம் மட்டும், தட்டுப் போட்டு மூடியிருந்தது. தட்டை எடுத்தான். உள்ளே தண்ணீர் இல்லை. அவள் எங்கே போய் எடுத்துவந்தாளோ, நிறைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். குடத்தின் உட்புறத்தில் வளையம் வளையமாக உப்புக் கறை. கழுத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. தண்ணீர் நின்று நின்று இறங்கியதை எழுத்துக் கூட்டாமலே படிக்க முடிந்தது.

"கெணத்துல கொஞ்சம் ஊறியிருக்குதுங்க. ரொப்பித் தரட்டுமா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மல்லம்மா.

சித்தையன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நிறைத்து வைக்கக் கை வரவில்லை. காலியாக விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை. வெளியே ரோட்டில் மண்ணை வழிக்கிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.